பச்சோந்திக்கு ஒரு வீடு: அன்பா, ஆசையா?



ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு முடிந்து பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம். 12 வயதுத் தம்பி ஒருவன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, உங்க வீட்டுல பச்சோந்தி இருக்காமே?"

"ஆமா, இருக்கு."

"கூண்டுல வெச்சு வளக்கிறது பாவம் இல்லையா? போன வாரம் நீங்கதானே அகிம்சை பாடம் எடுத்தீங்க?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. "அடுத்த வாரம் சொல்றேன்டா" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் மனதில் ஓடியது. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை ஒழுங்காக யோசித்து எழுதிப் பார்த்தேன். அதுதான் இந்தக் கட்டுரை. உங்களில் பலருக்கும் இப்படி ஒரு பிராணியை வளர்க்க ஆசை இருக்கலாம். அதனால் உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

என் பழைய கடன்

முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு 13 வயது இருக்கும்போது தண்ணீர்மலைப் பக்கம், பொட்டானிக் கார்டன் வேலி ஓரத்தில், ஒரு பச்சை ஓணானைப் பிடித்தேன். மலாயில் சும்பா சும்பா என்பார்களே, அதுதான். பச்சையாக இருக்கும், பயந்தால் பழுப்பாக மாறும். நம் வீடுகளில் பலரும் அதைத்தான் பச்சோந்தி என்று சொல்கிறோம். உண்மையில் அது பச்சோந்தி இல்லை, ஓணான் வகை. மலேசியக் காட்டில் பச்சோந்தியே கிடையாது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பச்சோந்தி உண்டு. நம் முன்னோர் அங்கிருந்து கப்பலேறி வரும்போது பெயரைக் கொண்டுவந்து, இங்கே கண்ட ஓணானுக்கு வைத்துவிட்டார்கள் போலும்.

பிடித்ததை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டேன். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டேன். ஒரு மூடியில் தண்ணீர், நாலு இலை, கொஞ்சம் சோறு. ஆமாம், சோறுதான். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் பெருமையடித்தேன். ஒரு நாளைக்குப் பத்து தடவை கையில் எடுத்துக் காட்டினேன். நான்காம் நாள் காலையில் அது கருத்துப்போய் விறைத்துக் கிடந்தது.

நான் அதை வெறுத்தா கொன்றேன்? இல்லை. ரொம்பப் பிடித்துப்போய்த்தான் கொன்றேன். தூங்கப் போகுமுன் டின்னைத் திறந்து "நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்தவன் நான். அன்பு இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று அன்று நினைத்தேன். அது பொய் என்பதை அந்த டின் எனக்குக் காட்டியது.

"மச்சான், நீ வெச்சுக்கிறியா?"

பத்து வருடம் கழித்து, போன வருடக் கடைசியில், என் நண்பன் ஒருவனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அவனிடம் ஒரு ஆண் பச்சோந்தி இருந்தது. ஏமன், சவூதி அரேபியா மலைப்பகுதிகளைச் சொந்த ஊராகக் கொண்ட இனம். தலையில் ஒரு கொண்டை எழும்பி நிற்கும். "மச்சான், நீ வெச்சுக்கிறியா? ஜனவரியில கிளம்புறேன். கொண்டுபோக முடியாது" என்றான்.

எனக்கு உடனே ஆசை வந்தது. கூடவே அந்த பிஸ்கட் டின்னும் ஞாபகம் வந்தது.

"பேப்பர் இருக்கா?" என்று கேட்டேன்.

"உனக்கு எதுக்கு அதெல்லாம்? நான் சும்மாதானே தர்றேன்" என்று சிரித்தான்.

நான் ஏன் கேட்டேன் என்றால், நாம் பினாங்குக்காரர்கள். ஊர்வனக் கடத்தல் என்றால் உலகத்தில் நம் தீவின் பெயரும் சேர்ந்துதான் வரும். பினாங்கைச் சேர்ந்த ஆன்சன் வோங் என்ற வியாபாரி அருகிவரும் ஊர்வனவற்றைக் கடத்தியதற்காக 2001-இல் அமெரிக்காவில் 71 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். திரும்பி வந்து, 2010 ஆகஸ்டில் கோலாலம்பூர் விமான நிலையத்தில் மறுபடி பிடிபட்டார். பினாங்கிலிருந்து ஜகார்த்தாவுக்குப் போக வேண்டிய அவருடைய பெட்டி உடைந்தது. உள்ளே 95 போவா மலைப்பாம்புகள். முதலில் 6 மாதத் தண்டனை. பிறகு உயர் நீதிமன்றம் அதை 5 வருடமாக்கியது. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குறைத்ததால் வெளியே வந்தார். அந்த 95 உயிர்களும் ஒரு துணிப் பெட்டிக்குள் எப்படி மூச்சு விட்டிருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

இப்படிப் பெட்டியில் வருபவை கடைசியில் எங்கே போகின்றன? நம்மைப் போல "எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்பவர்களின் வீட்டுக்குத்தான். வாங்க ஆள் இல்லை என்றால் கடத்த ஆள் இல்லை.

பச்சோந்தி இனங்களில் மிகப் பெரும்பாலானவை சைட்ஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. அனுமதி இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுவரக்கூடாது. இங்கே அதற்காகவே 2008-ஆம் ஆண்டுச் சட்டம் 686 இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டம் 716 இருக்கிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அந்த ஊர்ப் பச்சோந்தியைப் பாதுகாக்கிறது. அதை வீட்டில் வளர்க்கவே முடியாது.

நிருக ராஜாவின் பிழை

"தெரியாம வாங்கிட்டேன், அது என் தப்பா?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நம் பாகவதத்தில் ஒரு கதை இருக்கிறது. பத்தாம் ஸ்கந்தத்தில் வருகிறது.

துவாரகையில் யாதவப் பிள்ளைகள் விளையாடிக் களைத்து, தண்ணீர் தேடிப் பாழுங்கிணறு ஒன்றை எட்டிப் பார்த்தார்கள். உள்ளே மலை போல ஒரு ஓணான் கிடந்தது. வடமொழியில் அதைக் கிருகலாசம் என்கிறார்கள். ஓணான் என்றும் சொல்லலாம், பச்சோந்தி என்றும் சொல்லலாம். பிள்ளைகள் கயிறு கட்டி இழுத்தும் தூக்க முடியவில்லை. கண்ணன் வந்து இடது கையால் தூக்கினார். தொட்டதும் அது தன் பழைய வடிவம் பெற்றது. அவர்தான் நிருக மகாராஜா. எண்ணிலடங்காத பசுக்களைத் தானம் கொடுத்தவர்.

அவர் செய்த பிழை என்ன? ஏற்கெனவே ஒருவருக்குத் தானமாகக் கொடுத்த பசு, வழி தவறி அவருடைய மந்தைக்கே திரும்பி வந்துவிட்டது. அது தெரியாமல் இன்னொருவருக்கு அதைத் தானம் செய்துவிட்டார். தன்னுடையது இல்லாததைத் தன்னுடையது போலக் கொடுத்தார். தெரியாமல்தான். ஆனாலும் பிழை பிழைதான். அவ்வளவு தானமும் செய்தவர் ஓணானாகக் கிணற்றில் கிடந்தார்.

சின்ன வயதில் இந்தக் கதை எனக்கு அநியாயமாகத் தெரிந்தது. தெரியாமல் செய்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனையா? இப்போது வேறு மாதிரி படுகிறது. கொடுக்குமுன், "இது யாருடையது, எங்கிருந்து வந்தது?" என்று ராஜா ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கும் வசதியும் ஆளும் அவருக்கு இருந்தன. நமக்கும் இருக்கின்றன. கேட்டால் தெரிந்துவிடுமே என்று கேட்காமல் இருப்பதைத் தெரியாமை என்று சொல்ல முடியாது.

நண்பனிடம் விடாமல் கேட்டேன். வாங்கிய ரசீது, கடைக்காரர் கொடுத்த தாள்கள் எல்லாம் ஒரு பைலில் வைத்திருந்தான். கூண்டிலேயே பிறந்து வளர்ந்தது என்று அதில் இருந்தது. அவற்றை எடுத்துக்கொண்டு இருவரும் பெர்ஹிலித்தான் அலுவலகத்துக்குப் போய், கைமாற்ற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, அவர்கள் சொன்னபடி செய்தோம். அரை நாள் லீவு போனது. அவ்வளவுதான் செலவு.

"காட்டுல விட்டா புண்ணியம்தானே?" என்று என் பாட்டி கேட்டார். பினாங்கு மலையும் அதைச் சுற்றிய காடும் 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே அரேபியப் பச்சோந்தியை விட்டால் ஒன்று அது சாகும், இல்லை அங்குள்ள பூச்சிகளையும் சின்ன உயிர்களையும் தின்று பெருகும். ஹவாயிலும் ஃபுளோரிடாவிலும் இதே இனம் அப்படித்தான் காட்டில் பெருகித் தொல்லையாகி நிற்கிறது. "விட்டுடறது விடுதலை இல்ல பாட்டி" என்றேன். பாட்டி, "அப்ப அதுக்கு ஊரும் இல்ல, வீடும் இல்லயா?" என்றார். அந்த வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. ஊருக்குத் திருப்பி அனுப்ப முடியாது. வீடாவது ஒழுங்காக இருக்க வேண்டும்.

ஆளே இல்லாத வீட்டுக்கு விளக்கு

நண்பனிடம் ஆறு வாரம் கேட்டேன். "வீடு தயாரானதும் வர்றேன், அதுக்கு முன்னாடி வேணாம்."

நாங்கள் இருப்பது ஜெலுத்தோங்கில் ஒன்பதாவது மாடி பிளாட். முதலில் கூண்டு. பச்சோந்திக்குக் கண்ணாடித் தொட்டியை விடக் காற்றோட்டமான வலைக்கூண்டுதான் நல்லது. வளர்ந்த ஆணுக்கு 60 செண்டிமீட்டர் அகலம், 60 ஆழம், 120 உயரம். உயரம்தான் முக்கியம். அது மரத்தில் வாழும் பிராணி. நம் தலைக்கு மேலே இருந்தால்தான் அதற்குப் பயமில்லை. தரையில் வைத்துக் குனிந்து பார்த்தால், நாம் அதன் கண்ணுக்குப் பருந்து மாதிரி.

பூஜை அறைக்குப் பக்கத்தில் ஹாலில் இடம் இருந்தது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் பிறகுதான் உறைத்தது. காலையும் மாலையும் ஊதுவத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ராத்திரி கொசுவத்தி. அந்தப் புகை அதன் நுரையீரலுக்கு ஆகாது. அதனால் என் அறைக்கே மாற்றினேன். டெங்கிக்குப் புகை அடிக்க வரும் நாளில் சன்னலை எல்லாம் சாத்த வேண்டும் என்று காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டினேன்.

அடுத்து வெளிச்சம். "சன்னல் ஓரமா வெச்சா வெயில் படுமே, எதுக்குக் காசு போட்டு லைட்?" என்றார் அப்பா. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். வெயிலில் யூவிபி என்ற கதிர் இருக்கிறது. அது தோலில் பட்டால்தான் பச்சோந்தியின் உடம்பு வைட்டமின் டி3 தயாரித்து, சுண்ணாம்புச் சத்தை எலும்பில் சேர்க்கும். சன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். வெளிச்சம் வரும், சத்து வராது. பல வீடுகளில் பச்சோந்தியின் கால் எலும்பு வளைந்து, தாடை மெத்தென்று ஆகி, கிளையைப் பிடிக்க முடியாமல் விழுந்து சாவது இதனால்தான். வைத்திருந்தவர் "நல்லாத்தானே பாத்துக்கிட்டேன்" என்று அழுவார். யூவிபி குழல் விளக்கு ஒன்று வாங்கினேன். ஒரு வருடம் கழித்து அது எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துவிடும், மாற்ற வேண்டும்.

வெயில் காய ஒரு சின்ன பல்பு. அதன் கீழே உள்ள கிளையில் சூடு 30 பாகை அளவில் இருந்தால் போதும். நம் ஊரில் குளிர் பிரச்சினை இல்லை, வெப்பம்தான் பிரச்சினை. மதியம் மூன்று மணிக்கு என் அறையே 32 பாகை இருந்தது. பெரிய பல்பைக் கழற்றிச் சின்னது போட்டேன். மதியத்தில் அதையும் அணைத்துவிடும்படி டைமர் வைத்தேன். பச்சோந்தி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிறம் வெளுத்தால் அதற்குச் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். ராத்திரி எல்லா விளக்கும் அணைய வேண்டும். அதற்கும் இருட்டு வேண்டும், தூக்கம் வேண்டும்.

தண்ணீர் விஷயம் இன்னும் விசேஷம். கிண்ணத்தில் வைத்த தண்ணீரைப் பச்சோந்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் சொட்டும் துளியைத்தான் குடிக்கும். கூண்டுக்கு மேலே ஒரு போத்தலைத் தொங்கவிட்டு, மெல்லிய குழாய் வழியாக இலைமேல் சொட்டுச் சொட்டாக விழும்படி செய்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சிவலிங்கத்துக்கு மேல தொங்குற தாரா பாத்திரம் மாதிரி இருக்கேடா" என்றார். கூண்டைப் பற்றி அம்மா சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

உள்ளே மணி பிளாண்ட், செம்பருத்தி. இந்த இனம் பூச்சியோடு இலை, பூவும் தின்னும். நர்சரியில் வாங்கிய செடியில் மருந்து அடித்திருப்பார்கள். அதனால் இலை இலையாகக் கழுவி, மண்ணை மாற்றி, சில வாரம் வெளியே வைத்தேன். குறுக்கும் நெடுக்குமாகக் கிளைகள். ஒளிந்துகொள்ள அடர்த்தியான ஒரு மூலை. பெண் பச்சோந்தியாக இருந்தால், ஆண் துணை இல்லாமலே முட்டை போடும். தோண்டி இட மண் தொட்டி இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே சிக்கி உயிருக்கே ஆபத்து. நான் வாங்கிக்கொள்வது ஆண் என்பதால் அது தேவைப்படவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு மூன்று வாரம் கூண்டு காலியாகவே ஓடியது. காலை ஏழு மணிக்கு விளக்கு எரியும். தண்ணீர் சொட்டும். நான் தெர்மாமீட்டர் பார்த்து நோட்டில் எழுதுவேன்.

ஒருநாள் அம்மா கேட்டார்: "ஏன்டா, ஆளே இல்லாத வீட்டுக்குத் தினமும் விளக்கு ஏத்துறியே, உனக்கே சிரிப்பா இல்ல?"

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மூன்று வாரத்தில் இரண்டு தடவை டைமர் கெட்டது. ஒரு தடவை சொட்டுத் தண்ணீர் நிரம்பித் தரையெல்லாம் வழிந்தது. பச்சோந்தி உள்ளே இருந்திருந்தால் என் தவறுக்கெல்லாம் அதுதான் விலை கொடுத்திருக்கும். 13 வயதில் நான் முதலில் பிடித்தேன், பிறகு டின்னைத் தேடினேன். வரிசை தலைகீழாக இருந்தது. ஆசைக்குக் காத்திருக்கத் தெரியாது.

சிள்வண்டும் தைப்பூச விரதமும்

இனி கஷ்டமான கேள்வி. பச்சோந்தி உயிருள்ள பூச்சியைத் தின்னும். செங்கெரிக் என்று பறவைக் கடையில் விற்கிறார்களே, அந்தச் சிள்வண்டு. பச்சோந்தி வந்த நேரமோ தைப்பூசத்துக்கு முந்திய நாட்கள். நான் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு விரதத்தில் இருந்தேன். வீட்டில் மீன்கூட இல்லை.

"நீ விரதம் இருந்துக்கிட்டு உன் கையாலயே உயிரைக் கொல்லக் கொடுப்பியா?" என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார்.

இரண்டு ராத்திரி யோசித்தேன். சிபிச் சக்கரவர்த்தி ஞாபகத்துக்கு வந்தார். சோழர் தம் முன்னோர் என்று சொல்லிக்கொண்ட அரசர். பருந்துக்குப் பயந்து வந்த புறாவை அவர் காப்பாற்றினார். அந்தக் கதையில் நாம் எப்போதும் புறாவையே பார்க்கிறோம். பருந்தும் பேசுகிறது: "எனக்கும் பசிக்கிறது, என் பசிக்கு யார் பொறுப்பு?" சிபி அதை "போ, நீ கொடியவன்" என்று விரட்டவில்லை. அதன் பசியும் நியாயம் என்று ஏற்றுத்தான் தன் தசையை அறுத்துத் தராசில் வைத்தார்.

பச்சோந்திக்கு விரதம் இல்லை. அதற்குக் காய்கறியை மட்டும் கொடுத்து நான் புண்ணியம் தேடினால், என் புண்ணியத்துக்கு அது பட்டினி கிடக்கும். என் விரதம் என் நாக்குக்கு. அதை இன்னொரு உயிரின் வயிற்றில் திணிக்க எனக்கு உரிமை இல்லை. அதே சமயம் சிள்வண்டும் உயிர்தான். அதை மறந்துவிடவும் கூடாது. அதனால் எனக்கு நானே சில விதி வைத்துக்கொண்டேன். தேவைக்கு மேல் வாங்குவதில்லை. வளர்ந்த பச்சோந்திக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் சில பூச்சிகள் போதும். சிள்வண்டுகளையும் நெருக்கி வைக்காமல், கீரை, கேரட் கொடுத்து நன்றாக வைத்திருக்கிறேன். அவை தின்ற சத்துதான் பச்சோந்திக்கும் போகிறது. சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவிக் கொடுப்பேன். மிச்சத்தை ராத்திரி கூண்டில் விட்டால் தூங்கும் பச்சோந்தியைக் கடிக்கும், அதனால் எடுத்துவிடுவேன். பூச்சி போடுவதை வேடிக்கையாகப் படம் எடுத்து யாருக்கும் அனுப்புவதில்லை.

இது முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். இன்றும் டப்பாவைத் திறக்கும்போது மனம் கொஞ்சம் கனக்கிறது. கனக்காமல் போகும் நாள் வரக்கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். அம்மா கடைசியில், "பூசைக்கு முன்னாடி வேணாம், குளிச்சு சாமி கும்பிட்ட பிறகு கொடு" என்றார். அதைக் கடைப்பிடிக்கிறேன்.

அது என்னை விரும்பவில்லை

ஜனவரி முதல் வாரம் வந்து சேர்ந்தது. நான் கையைக் கூண்டுக்குள் நீட்டினேன். உடம்பைத் தட்டையாக்கி, கருத்து, வாயைத் திறந்து சீறியது.

பச்சோந்தி என்றால் நம் ஆட்கள் கட்சி மாறுபவரைத் திட்டுவார்கள். பாவம், அந்தப் பிராணிக்கு இந்தப் பழி எதற்கு? அது ஏமாற்றுவதற்காக நிறம் மாறுவதில்லை. ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் மடகாஸ்கர் பச்சோந்தி இனம் ஒன்றை ஆராய்ந்து விளக்கினார்கள். தோலின் உள்ளே மிக நுண்ணிய படிகங்கள் அடுக்கியிருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது நெருங்கியும், கிளர்ச்சியில் விலகியும் இருப்பதால் தோல் காட்டும் நிறம் மாறுகிறது. பயம், கோபம், குளிர், சூடு எல்லாம் தோலில் தெரிந்துவிடும். மனதில் உள்ளதை மறைக்கத் தெரியாத உயிர் அது. முகத்தில் சிரிப்பும் உள்ளே வேறொன்றும் வைக்க நமக்குத்தான் தெரியும்.

என்னைப் பார்த்தால் அது கருக்கும். அதுதான் அதன் நேர்மையான பதில். நாய் வாலாட்டும், பூனை உரசும். இது ஒன்றும் செய்யாது. தனியாகவே வாழும் இனம். கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்தாலும் எதிரி என்று பதறும். முதல் இரண்டு வாரம் எனக்கு வருத்தம்தான். இவ்வளவு செய்தும் கொஞ்சம்கூட ஒட்டவில்லையே!

அப்போதுதான் பரத மகாராஜா கதை புரிந்தது. பாகவதம் ஐந்தாம் ஸ்கந்தம். ராஜ்யத்தைத் துறந்து காட்டுக்குப் போனவர், ஆற்றில் விழுந்த மான்குட்டியைக் காப்பாற்றினார். வளர்த்தார். கடைசியில் மானையே நினைத்து உயிர்விட்டு மானாகப் பிறந்தார். "பற்று வைக்காதே" என்பதுதான் அதன் பாடம் என்று சொல்லித் தந்திருக்கிறார்கள். சரிதான். ஆனால் மானை ஆற்றிலிருந்து தூக்கியது தவறு என்று கதை சொல்லவில்லையே. நான் புரிந்துகொண்டது இது: தூக்கியது கருணை. பிறகு அது கொஞ்ச நேரம் கண்ணில் படாவிட்டால் தவித்தாரே, அங்கே மானின் தேவை முடிந்து அவருடைய தேவை ஆரம்பித்துவிட்டது.

பச்சோந்தி அந்தக் கோட்டை எனக்குத் தெளிவாகக் காட்டியது. திரும்ப எதையும் தராத உயிருக்குத் தினமும் விளக்கு போட்டு, தண்ணீர் சொட்டவிட்டு, இலை கழுவ என்னால் முடியுமா? முடிந்தால் அது அன்பு. "என் தோளில் வந்து உட்கார வேண்டும், படம் எடுக்க வேண்டும்" என்றால் அது ஆசை. இப்போது தேவை இல்லாமல் நான் கை வைப்பதில்லை. இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் அறைக்குள் நடக்கும்போது அது பச்சையாகவே இருக்க ஆரம்பித்தது. எனக்கு அதுவே போதும்.

சுங்கை குளுவாங் பாம்புக் கோயிலுக்கு நீங்களும் போயிருப்பீர்கள். 1850 வாக்கில் சோர் சூ கோங் என்ற துறவியின் நினைவாகச் சீனர்கள் கட்டிய கோயில். அந்தத் துறவி பாம்புகளுக்கு அடைக்கலம் கொடுத்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. கோயில் கட்டியதும் குழிவிரியன்கள் காட்டிலிருந்து தாமாக வந்தன என்று பெரியவர்கள் சொல்வார்கள். கதவு திறந்திருந்தது, அவை வந்தன. என் கூண்டுக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாளும் உண்டு. என் பச்சோந்தி தானாக வரவில்லை. அந்த வித்தியாசத்தை நான் மறைக்க மாட்டேன்.

தம்பிக்குப் பதில்

அடுத்த ஞாயிறு அந்தத் தம்பியை அவன் அப்பாவோடு வீட்டுக்கு அழைத்தேன். அறை வாசலில் நின்று பார்த்தான். பச்சோந்தி ஒரு கண்ணால் அவனையும் மறு கண்ணால் என்னையும் பார்த்தது. மெதுவாக இலைக்குப் பின்னால் போய் ஒளிந்தது. கிட்டே போவான் என்று நினைத்தேன். அவன் ஒரு அடி பின்னால் வைத்தான்.

"பயப்படுது அண்ணே. நாம வெளிய போயிடலாம்."

வெளியே வந்து அவனுக்குச் சொன்னேன். "கூண்டு கூண்டுதான்டா. அதைப் புண்ணியம்னு நான் சொல்ல மாட்டேன். காட்டுல இருந்து ஒண்ணைப் பிடிச்சுக் கொண்டுவந்து வெக்கிறது பாவம்தான், சந்தேகமே இல்ல. ஆனா ஏற்கெனவே கூண்டுல பிறந்து, போக ஊர் இல்லாம நிக்கிற உயிருக்கு நல்ல இடம் கொடுக்கிறது நம்ம கடமை. நான் கடைக்குப் போய்ப் புதுசா ஒண்ணு வாங்க மாட்டேன். இதை இது சாகிற வரைக்கும் பாத்துக்குவேன்."

அவன் யோசித்துவிட்டு, "அப்ப நான் இப்ப வாங்க வேணாம்" என்றான். அவன் அப்பா எனக்கு மனதுக்குள் நன்றி சொல்லியிருப்பார்!

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஆசை இருந்தால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இது எங்கிருந்து வந்தது, தாள் இருக்கிறதா? இது வருமுன் இதன் வீடு தயாராகி, சில வாரம் காலியாக ஓடிச் சரியாக இருந்ததா? இது ஐந்தாறு வருடம் இருக்கலாம். அத்தனை நாளும் ஒரு தடவைகூட என்னிடம் அன்பு காட்டாவிட்டாலும் காலையில் எழுந்து விளக்கு போடுவேனா?

மூன்றுக்கும் ஆமாம் என்று சொல்ல முடிந்தால் யோசிக்கலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் வேண்டாம். வாங்காமல் இருப்பதும் அதன்மேல் வைக்கும் அன்புதான். பொட்டானிக் கார்டன் வேலியில் இன்றும் சும்பா சும்பா வெயில் காய்கிறது. போய்ப் பாருங்கள். தொடாமல் பாருங்கள். நான் அன்று அதைச் செய்திருந்தால் ஒரு உயிர் தப்பியிருக்கும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அனுபவம் இருந்தால் அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். நான் சொன்னது தவறு என்று தோன்றினாலும் எழுதுங்கள். எனக்கும் கற்றுக்கொள்ள இன்னும் நிறைய இருக்கிறது.